லாக்ஸ்டன்: வேலி போடாத வயல்களின் ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிராம வரலாறு என்றால் பலருக்கும் பிரபுக்களின் மாளிகையும் தேவாலயக் கோபுரமும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கிராமத்தில் யார் எங்கே உழுதார்கள், எல்லைத் தகராறு வந்தால் யார் தீர்த்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் ஏடுகள்தான் பதில் சொல்ல வேண்டும். லாக்ஸ்டனில் வயலே பதில் சொல்லும். அந்த ஊரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

லாக்ஸ்டன் எங்கே இருக்கிறது?

நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில், நியூவார்க் நகருக்கு வடக்கே, ஆலர்டன், டக்ஸ்ஃபோர்டு ஆகிய சிறு நகரங்களுக்கு இடையில் இருக்கிறது. ராபின் ஹுட் கதைகளில் வரும் ஷெர்வுட் காடு மேற்கே பக்கத்தில்தான். ஆனால் காட்டுப்பக்கம் மணல் பூமி, லாக்ஸ்டன் கனத்த களிமண் பூமி. மழை பெய்தால் காலை விடாது. இந்த மண்ணை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் இத்தனை புகழ்?

இடைக்கால இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெரும்பாலான கிராமங்கள் ‘திறந்த வயல்’ முறையில்தான் பயிர் செய்தன. இன்று அந்த முறையும், அதை நடத்துகிற ஊர் நீதிமன்றமும் சேர்ந்து உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில் மட்டும்தான். காட்சிக்காக நடத்துவதில்லை. அங்கே விதைப்பவர்கள் அந்த விளைச்சலை விற்றுத்தான் பிழைக்கிறார்கள்.

திறந்த வயல் முறை என்றால் என்ன?

ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். மில் என்பது அங்கே ஒரு காலத்தில் நின்ற காற்றாலை. (கிழக்கு வயல் என்று சிறியதாக நான்காவது ஒன்றும் முன்பு இருந்தது.) ஒவ்வொரு வயலும் நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. உள்ளே வேலியோ வரப்போ கிடையாது. அதற்குள் நீளநீளமான துண்டுகளாக நிலம் பிரிந்திருக்கும். ஒரு குடியானவருக்கு மேற்கு வயலில் சில துண்டுகள், தெற்கில் சில, மில் வயலில் சில. அவருடைய துண்டுக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் இன்னொருவர்.

மூன்று வயல்களும் சுழற்சியில் பயிராகும். ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் விதைக்கும் குளிர்காலக் கோதுமை. இரண்டாவதில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, அவரை, பட்டாணி மாதிரியான பயிர்கள். மூன்றாவது தரிசாகக் கிடக்கும். அடுத்த ஆண்டு ஒவ்வொன்றும் ஒரு படி நகரும். இப்போதெல்லாம் அந்த மூன்றாவது வயலைச் சும்மா போடாமல் தீவனப் புல் வளர்க்கிறார்கள்.

ஒருவருக்கு உரிய நிலம் முழுவதையும் ஒரே இடத்தில் கொடுத்தால் வேலை சுலபம் அல்லவா?

முதலில் எல்லோருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருடைய நிலம் முழுவதும் மேற்கு வயலில் இருந்தால், மேற்கு வயல் தரிசாகும் ஆண்டு அவர் பாடு என்ன? மூன்று வயலிலும் ஏறக்குறைய சமமாக நிலம் இருந்தால்தான் ஒவ்வோர் ஆண்டும் கோதுமையும் கிடைக்கும், கால்நடைக்குத் தீவனமும் கிடைக்கும். அதனால் சிதறலாக இருப்பது இந்த முறைக்குள் இருக்கும் கட்டாயம்.

இன்னொரு காரணம் மண். மேட்டில் நீர் வடியும், பள்ளத்தில் தேங்கும். துண்டுகளைப் பரப்பிவிட்டால் நல்லதும் கெட்டதும் எல்லோருக்கும் கிடைக்கும்.

மூன்றாவது காரணம் ஆடுமாடு. அறுவடை முடிந்ததும் தாளடியில் ஊர் மந்தை முழுவதும் மேயும். நடுவில் ஒருவர் மட்டும் வேறு பயிர் வைத்து அறுக்காமல் நின்றால் மந்தையை விட முடியாது. ஆகவே எல்லோரும் ஒரே வகைப் பயிரை ஒரே பருவத்தில் வைத்து, குறித்த நாளுக்குள் அறுத்தாக வேண்டும். உழைப்பும் விளைச்சலும் அவரவருடையவை. நாட்காட்டி மட்டும் ஊருக்குப் பொது.

அப்படியானால் இது பொதுவுடைமையா?

இல்லை. பணக்காரக் குடியானவருக்கு நிறையத் துண்டுகள், ஏழைக்கு ஒன்றிரண்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே மேனர் பிரபு, நம் ஊர் ஜமீன்தாரைப் போல. பொதுவாக இருந்தவை விதிகளும் மேய்ச்சலும்தான். இந்த ஊரைச் சமத்துவப் பொற்காலமாகக் காட்டி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது இல்லாமலேயே இந்த ஏற்பாடு போற்றத்தக்கது.

படங்களில் அந்தத் துண்டுகள் நேராக இல்லாமல் லேசாக வளைந்திருப்பது ஏன்?

இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் பழைய உழவு நிலத்தில் இதைப் பார்க்கலாம். காரணம் எருதுகள். களிமண்ணில் கனமான கலப்பையை இழுக்க எட்டு எருதுகள் வரை பூட்டினார்கள். அவ்வளவு நீளமான ஏரை முனையில் திருப்புவது பெரும்பாடு. அதனால் துண்டு முடியும் முன்பே ஏரை ஒரு பக்கமாக ஒதுக்கத் தொடங்குவார்கள். இதே வேலையைப் பல நூற்றாண்டுகள் செய்ததில், கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிய ‘எஸ்’ (S) எழுத்து மாதிரி ஒரு வளைவு நிலத்திலேயே பதிந்துவிட்டது. துண்டின் நீளமும் எருதுகள் ஒரு மூச்சில் இழுக்கக்கூடிய தூரம்தான், சுமார் 220 கெஜம். ஏக்கர் என்பதே தொடக்கத்தில் ஒரு நாள் உழவைக் குறித்த அளவு. மண்ணை நடுப்பக்கமாகவே புரட்டிப் புரட்டி உழுததில் நடுவே மேடும் ஓரத்தில் பள்ளமும் உண்டாகும். அந்தப் பள்ளம்தான் வடிகால்.

ஊரின் பழைய வரலாறு என்ன?

1086இல் வில்லியம் மன்னருக்காக எழுதப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பில் லாக்ஸ்டன் இருக்கிறது. பிரான்சிலிருந்து படையெடுத்த நார்மானியர் வருவதற்கு முன் டோக்கி என்பவர் கையில் இருந்த ஊர், பின்பு ஜெஃப்ரி அல்செலின் என்ற நார்மானியப் பிரபுவுக்குப் போனதாகக் குறிப்பு. ஊருக்கு வடக்கே மண்ணைக் குவித்துக் கட்டிய கோட்டை ஒன்றின் மேடு இன்னும் இருக்கிறது. கட்டடம் ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் மேடும் அகழியும் அப்படியே தெரிகின்றன. நாட்டிங்காம்ஷயரில் இவ்வளவு நன்றாக நிற்கும் நார்மானிய மண்கோட்டை வேறில்லை என்றே சொல்லலாம். ஷெர்வுட் காட்டின் காவல் உரிமை பெற்றிருந்த டி காக்ஸ் குடும்பமும், அவர்களுக்குப் பின் எவரிங்காம் குடும்பமும் இங்கிருந்துதான் ஆண்டார்கள். அதனால்தான் இடைக்காலத்தில் இந்தச் சின்ன ஊருக்கு அந்த வட்டாரத்தில் அத்தனை மதிப்பு.

1635ஆம் ஆண்டு வரைபடம் பற்றி அடிக்கடி பேசுகிறார்களே?

பேச வேண்டியதுதான். இங்கிலாந்தின் கிராம வரைபடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் தோல் தாள்களில் வரைந்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மூன்று வயல்களிலும் ஊரிலும் ஒரு துண்டைக்கூட விடாமல் அளந்து எண் போட்டிருக்கிறார். கூடவே ஒரு பதிவேடு. எண்ணைப் பார்த்து ஏட்டைப் புரட்டினால், அந்தத் துண்டு யாருடையது, எவ்வளவு பரப்பு என்று வந்துவிடும். நம் ஊர் புலப்படத்தையும் அடங்கலையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது மாதிரி.

இதோடு நிற்கவில்லை அவர். வெற்றிடம் தெரிந்த இடத்திலெல்லாம் ஆட்களை வரைந்திருக்கிறார். ஏர் ஓட்டுகிறவர், கதிர் அறுக்கிறவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள், மேயும் கால்நடைகள், வயல் நடுவே காற்றாலை. வீடுகளுக்குக் கூரை போட்டுக் காட்டியிருக்கிறார். அளவை வேலைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஆனாலும் வரைந்தார். ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்து அந்த ஊரின் ஒரு வருடத்து வேலைகளை நாம் ஒரே பார்வையில் காண்கிறோம்.

வரைபடத்துக்குக் காசு கொடுத்தவர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வணிகர். அப்போது லாக்ஸ்டன் அவர் கையில் இருந்தது. 1627இல் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேறப் பணம் போட்டவரும் இவர்தான். இதே 1635இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக வணிகம் செய்ய இவருடைய குழுவுக்கு முதலாம் சார்லஸ் மன்னர் அனுமதி கொடுத்தார். அந்தக் குழு பிறகு நம் மேற்குக் கடற்கரையில் கார்வாரில் பண்டகசாலை வைத்தது. கோர்ட்டன் 1636இல் இறந்தார். லாக்ஸ்டன் சில ஆண்டுகளில் பியர்பாண்ட் குடும்பத்துக்குக் கைமாறியது. மான்வர்ஸ் பிரபுக்கள் என்று பின்னால் பட்டம் பெற்றவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

‘பாரிஷ்’ என்கிறார்களே, அது தேவாலய விஷயம் மட்டும்தானா?

இல்லவே இல்லை. ஒரு தேவாலயத்தைச் சுற்றிய எல்லைதான் பாரிஷ். ஆனால் பல நூற்றாண்டுகள் உள்ளூர் நிர்வாகமே அதன் கையில் இருந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குத் தசமபாகமாகப் போகும். 1538இலிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. இங்கிலாந்தில் ஒரு சாதாரண உழவர் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் போய் நிற்கும் இடம் இந்தப் பதிவேடுகள்தான். 1555 சட்டம் சாலைப் பராமரிப்பையும், 1601 சட்டம் ஏழைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் பாரிஷ் தலையில் வைத்தன. அதற்காக ஊராரிடம் வரி வசூலித்தார்கள்.

இதற்கு ஒரு கடுமையான முகமும் உண்டு. 1662இல் வந்த சட்டப்படி, பிழைக்க வந்த வெளியூர் ஏழை எங்கே நம் வரிப்பணத்தில் தங்கிவிடுவாரோ என்று தோன்றினால், அவரைச் சொந்த பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். அப்படி எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறார்கள்.

1834க்குப் பிறகு ஏழைகள் பொறுப்பு பல பாரிஷ்கள் சேர்ந்த ஒன்றியங்களுக்குப் போனது. 1894 சட்டம் மத சம்பந்தமில்லாத பாரிஷ் கவுன்சில்களை உண்டாக்கியது. இன்றும் கிராமத்தில் அதுதான் கீழ்மட்ட உள்ளாட்சி. லாக்ஸ்டன் தன் பக்கத்துக் குக்கிராமமான மூர்ஹவுஸோடு சேர்ந்து ஒரு பாரிஷ்.

தேவாலயத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

தூய மிக்கேல் அதிதூதர் தேவாலயம் ஊருக்கு மிகவும் பெரியது. 1860 வாக்கில் மான்வர்ஸ் பிரபு பழுது பார்த்தபோது அதன் நீளத்தைக் குறைத்தே கட்டினார்கள். உள்ளே எவரிங்காம் குடும்பத்தின் படுத்த நிலைச் சிலைகள் இருக்கின்றன. மற்றவை கல். ஒன்று மட்டும் ஓக் மரத்தில் செதுக்கிய பெண்ணின் சிலை, 14ஆம் நூற்றாண்டு. மரச்சிலைகள் பெரும்பாலும் பூச்சிக்கும் ஈரத்துக்கும் போய்விடும். நாட்டிங்காம்ஷயரில் இது ஒன்றுதான் மிஞ்சியது. கோட்டை மேட்டைப் பார்க்க ஓடுகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மற்ற ஊர்களில் திறந்த வயல்கள் எப்படிப் போயின?

வேலியடைப்பால். சிதறிய துண்டுகளைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் ஒதுக்கி, சுற்றிலும் உயிர்வேலி நட்டு, பொது மேய்ச்சல் உரிமைகளை ரத்து செய்வதுதான் வேலியடைப்பு. 1604க்கும் 1914க்கும் இடையில் நாடாளுமன்றம் இதற்கென 5,200க்கும் அதிகமான சட்டங்களை இயற்றியது. அவற்றால் வேலிக்குள் போனது சுமார் 68 லட்சம் ஏக்கர். இதில் பெரும்பகுதி 1750க்குப் பிந்தைய நூறாண்டுகளில் நடந்தது.

விளைச்சல் கூடியது என்பார்கள், பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் சொந்தமாக நிலம் இல்லாமல், பொதுப் புல்லை நம்பி ஒரு பசுவோ சில வாத்துகளோ வைத்திருந்தவருக்கு இழப்பீடாகக் கிடைத்தது பெரும்பாலும் ஒன்றுமில்லை. சிறிய துண்டு கிடைத்தவரும் வேலி நடும் செலவுக்குப் பணம் இல்லாமல் அதை விற்றுவிட்டுக் கூலியாளானார். உரிமை என்று எழுதி வைக்காத வழக்கம் எவ்வளவு லேசாகப் பறிபோகும் என்பதை அந்த நூறாண்டில் இங்கிலாந்தின் ஏழைகள் தெரிந்துகொண்டார்கள்.

லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பியது?

யாரோ ஒரு நல்லவர் பாதுகாக்க நினைத்தார் என்று கதை சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. ஊர் நிலத்தில் பெரும்பகுதி மான்வர்ஸ் பிரபுவுக்கு. அடுத்த பெரிய பங்கு ஸ்கார்பரோ பிரபுவுக்கு. வேலியடைப்புக்கு இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும், செலவையும் பகிர வேண்டும். அது கூடிவரவில்லை. பிறகு 1870களின் பிற்பகுதியில் வெளிநாட்டுத் தானியம் குவிந்து இங்கிலாந்து வேளாண்மை சரிந்தது. அந்த நேரத்தில் யார் பணம் போடுவார்கள்? ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வேலிக்குள் போனது, நடுப்பகுதி தப்பியது.

1900களின் தொடக்கத்தில் துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கினார்கள். சிலருக்கு இது ‘கலப்படம்’ என்று படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாற்றம் இல்லாமல் போயிருந்தால் கட்டுப்படியாகாமல் மொத்தத்தையும் கைவிட்டிருப்பார்கள்.

1930களில் ஆக்ஸ்ஃபோர்டு வேளாண் பொருளாதார அறிஞர் சி. எஸ். ஆர்வினும் அவர் மனைவியும் இந்த ஊரை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் இதன் அருமை வெளியுலகுக்குத் தெரிந்தது.

கோர்ட் லீட் என்ற ஊர் நீதிமன்றம் என்ன செய்கிறது?

இதைத்தான் நான் இந்த ஊரின் உயிர் என்பேன். வரப்பில்லாத வயலில் பக்கத்துத் துண்டுக்குள் ஒரு சால் கூடுதலாக உழுதுவிடுவது மிகச் சுலபம். வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை, கவனம் பிசகினாலே போதும். ஆண்டுக்கு ஒரு சால் என்றால் பத்தாண்டில் பக்கத்துக்காரர் நிலத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்துவிடும். வயலுக்குப் போகும் பொதுப் பாதையும், நடுவே இருக்கும் பொதுப் புல்வெளியும் இதே மாதிரி சுருங்கும்.

அதனால் நவம்பர் கடைசியில் ‘ஜூரி நாள்’. அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலைப் பார்க்க, குத்தகைக் குடியானவர்களிலிருந்தே அமர்த்தப்பட்ட ஜூரிகள் தங்கள் தலைவரோடு கிளம்புவார்கள். டிராக்டர் பின்னால் பூட்டிய வண்டியில் ஏறி வயலுக்குப் போய், துண்டு துண்டாக நடப்பார்கள். எல்லை முளை காணாமல் போயிருந்தால் கண்ணால் நேர்கோடு பிடித்துப் புது முளை அடிப்பார்கள். பாதைக்குள் ஏர் போயிருக்கிறதா, புல்வெளி ஓரத்தை யாராவது கடித்திருக்கிறார்களா, வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். தப்பு கண்டால் அங்கேயே பேசி அபராதத் தொகையைக் குறித்துக்கொள்வார்கள். ஜூரியில் இருப்பவரே தப்பு செய்திருந்தாலும் அவர் பெயரும் ஏறும். அப்புறம் டவ்காட் இன் மதுக்கடையில் மதியச் சாப்பாடு.

ஒரு வாரம் கழித்து அதே மதுக்கடையில் நீதிமன்றம் கூடும். ஸ்டூவர்ட் என்ற அதிகாரி தலைமை வகிப்பார். அபராதங்களை உறுதி செய்வார்கள், அடுத்த ஆண்டு ஜூரிக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைப்பார்கள். தப்பி அலையும் மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைக்கும் ‘பிண்டர்’ பதவிக்கும் ஆள் நியமனம் உண்டு. அந்தப் பட்டியின் சுவர் ஊருக்குள் இன்னும் நிற்கிறது.

அபராதம் சிறு தொகைதான். ஆனால் அக்கம்பக்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் ‘இவர் பாதையை உழுதுவிட்டார்’ என்று வாசிக்கப்படுவது சிறு விஷயமில்லை.

அந்த நீதிமன்றத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா, சடங்கா?

உண்டு. இங்கிலாந்தில் மிஞ்சியிருந்த மேனர் நீதிமன்றங்களின் அதிகாரத்தை 1977ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டம் எடுத்துவிட்டது. லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது.

‘சைக்ஸ்’ என்று ஒன்றைச் சொல்கிறார்களே?

வயல்களுக்கு நடுவே, உழ முடியாத ஈரப் பள்ளங்களில் இருக்கும் பொதுப் புல்வெளி. அங்கே வளரும் புல்லை ஆண்டுதோறும் ஊராருக்குள் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் உலர்தீவனத்துக்கு அறுத்துக்கொள்வார். நூற்றாண்டுகளாக ஏர் படாததால் மற்ற இடங்களில் அழிந்துபோன காட்டுப்பூச் செடிகள் இங்கே செழித்திருக்கின்றன. அரசு இதை அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாகப் பாதுகாக்கிறது.

இப்போது நிலம் யாருக்குச் சொந்தம்?

ஆறாவது மான்வர்ஸ் பிரபு 1952இல் ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார், இந்த முறை தொடர வேண்டும் என்ற எண்ணத்தோடு. 1981இல் அது அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. தோர்ஸ்பி என்பது மான்வர்ஸ் பிரபுக்களின் பழைய இருப்பிடம். ஆக, சுமார் எழுபது ஆண்டுகள் அரசுக் கையில் இருந்துவிட்டு நிலம் பழைய இடத்துக்கே போயிருக்கிறது. சாகுபடி செய்கிறவர்கள் எப்போதும் போலக் குத்தகைதாரர்கள்தான். குத்தகையில் திறந்த வயல் துண்டுகளும் சேர்ந்தே வரும், கூடவே வேலிக்குள் உள்ள நிலமும் உண்டு.

இன்றைய விவசாயத்துக்கு இது ஒத்துவருமா?

சிரமம்தான். பெரிய இயந்திரம் ஒரு துண்டை முடித்துவிட்டு வயலின் மறுகோடிக்கு ஓட வேண்டும். எரிபொருளும் நேரமும் வீண். என்ன பயிர் வைப்பது என்பதிலும் முழுச் சுதந்திரம் கிடையாது. பண்ணைகளின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருகிறது, என் கவலை அதில்தான். நிலத்தை வாங்கிப் பாதுகாக்கலாம், சட்டத்தில் விலக்கு கொடுக்கலாம். ஆனால் ஜூரியில் உட்கார, ஒருவரையொருவர் தட்டிக் கேட்க, போதுமான குடும்பங்கள் வேண்டும். பத்துப் பதினைந்து பேர் உழுகிற வயலுக்கு நீதிமன்றம் தேவை. ஒன்றிரண்டு பேரே உழுதால் அதற்கு வேலையில்லை. நில உடைமையாளர் யாராக இருந்தாலும், சிறு பண்ணைகளைப் பெரிய பண்ணையோடு சேர்க்காமல் இளம் குடும்பங்களுக்குக் குத்தகை விடுவதுதான் உண்மையான பாதுகாப்பு.

வேறு எங்கும் திறந்த வயல்களே இல்லையா?

டெவனில் பிராண்டன் பெருவயல், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் தீவுப் பகுதி என்று துண்டு நிலங்கள் மிஞ்சிய இடங்கள் உண்டு. அங்கே துண்டுகள் இருக்கின்றன, கூட்டுச் சுழற்சியும் ஊர் நீதிமன்றமும் இல்லை.

நேரில் போனால் என்னென்ன பார்க்கலாம்?

ரயிலில் வந்தால் நியூவார்க்கிலோ ரெட்ஃபோர்டிலோ இறங்கி, அங்கிருந்து காரில் வர வேண்டும். டவ்காட் இன் பக்கத்தில் திறந்த வயல் பற்றிய சிறு கண்காட்சி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போங்கள். தெருவில் நடக்கும்போது வீடுகளைக் கவனியுங்கள். பண்ணை வீடுகள் எல்லாம் ஊருக்குள்ளேயே நெருக்கமாக இருக்கும், பின்னால் நீண்ட கொல்லை. நிலம் மூன்று பக்கமும் சிதறியிருக்கும்போது வயலில் போய் வீடு கட்டி என்ன பயன்? வேலியடைத்த ஊர்களில்தான் பண்ணை வீடுகள் தனித்தனியாக வயல் நடுவே நிற்கும்.

கோட்டை மேடு, தேவாலயம், பட்டி மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். ஊரின் வெளிப்புறத்தில், ஒரு பழைய பண்ணை வீட்டில் 1995இல் திறக்கப்பட்ட யூத இனப்படுகொலை நினைவு மையமும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வயல்களுக்கு ஜூன் நல்ல மாதம்: சைக்ஸில் பூக்கள் இருக்கும், புல் இன்னும் அறுத்திருக்க மாட்டார்கள். அதனால் பாதையை விட்டு இறங்காமல் நடங்கள், அந்தப் புல் ஏலத்துக்கு உரியது. மழை நாளென்றால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அவசியம்.